பத்து நாளைக்கு வந்த பிள்ளை

வெள்ளக்கடை,
24-4-1979

தங்கச்சி காவேரிக்கு,

மல்லிகா நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாள். இதை முதலில் எழுதாவிட்டால் நீ மற்றதைப் படிக்கமாட்டாய். மலை ஏறும்போது வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம். மாப்பிள்ளை சட்டையை அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, பனியனோடு ஒண்டிக்கடையில் வந்து இறங்கினார். எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். சாயப்பட்டறையில் லீவு கிடைக்கவில்லையாம்.

உனக்குத் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? கிளம்புகிற நேரத்தில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய் என்று சொன்னார். "சூடுங்க, வேறொண்ணுமில்லைங்க" என்றார். ஈரோட்டு வெயிலுக்கு மோர் குடி, வெந்தயம் ஊறவைத்துத் தின்னு.

பேசி வைத்தபடி மே நாலாம் தேதி வெள்ளிக்கிழமை நீயும் உன் அத்தையும் வந்துவிடுங்கள். சேர்வராயன் கோவிலில் பிள்ளைக்குக் காது குத்திவிட்டு எல்லாரும் சேர்ந்து இறங்கிவிடலாம். பத்து நாள்தானே, அதுவரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்பது மாதக் கைப்பிள்ளையாக உன் மடியில் போட்டது. இப்போது ஆறு வயசு. இடையில் நான் ஈரோட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பெத்தவ மூஞ்சியைப் பார்த்தால் வளர்க்கிறவளிடம் பிள்ளை ஒட்டாது என்று உன் அத்தை அன்றைக்குச் சொன்னார், நானும் சரி என்றேன். இப்போதும் பயப்படாதே. அவளுக்கு நான் பெரியம்மாதான். லைனில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். எவளாவது பிள்ளை காதுபட வாயைத் திறந்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மாமா சித்தனும் மூன்று பயல்களும் சுகம். எனக்கு இடுப்புவலி வழக்கம்போல. அது சுகமாக இருந்தால்தான் அதிசயம்.

இப்படிக்கு,
அக்காள் கிருஷ்ணம்மாள்.


ஈரோடு,
30-4-1979

அன்புள்ள அக்காவுக்குக் காவேரி வணக்கமாக எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. மாமாவையும் பையன்களையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் இடுப்புக்கு நொச்சி வெந்நீர் ஊற்றுங்கள். சொன்னால் செய்யமாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

எனக்குப் பரவாயில்லை அக்கா. சாப்பிட்டது தங்குவதில்லை, அவ்வளவுதான். அத்தை எனக்குத் தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார். என்றைக்கும் இல்லாத திருநாளாக இருக்கிறது.

மல்லிகா பகலில் சமாளித்துவிடுவாள். படுக்கும்போதுதான் கொஞ்சம் தொந்தரவு செய்வாள். என் சேலை முந்தானையைச் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டால்தான் தூக்கம் வரும். பழைய சேலை ஒன்றைப் பைக்குள் வைத்திருக்கிறேன், அடியில் பாருங்கள். கத்திரிக்காய் தொடமாட்டாள். அடிக்கவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, நீங்கள் அடிக்கமாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுகிறோம். தோடு எடுத்துவிட்டோம். அத்தைக்கு வெல்லம் போட்ட பொங்கல்தான் வேண்டுமாம்.

உங்கள் அன்புத் தங்கை,
காவேரி.


வெள்ளக்கடை,
6-5-1979

காவேரிக்கு,

வெள்ளிக்கிழமை முழுதும் நீங்கள் அடிவாரத்தில் நின்று திரும்பியிருப்பீர்கள் என்று நினைத்து நினைத்து மனசு கெட்டது. தந்தி கொடுக்கக்கூட என்னால் லைனை விட்டு வெளியே போக முடியவில்லை. எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் சூசைமாணிக்கம் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். அவர் ஒருவருக்குத்தான் டவுனுக்குப் போய்வர அனுமதி.

மலையில் வாந்திபேதி. எங்கள் மேல் லைனில்தான் முதலில் கண்டது. வெள்ளையம்மாளின் மாமனார் போய்விட்டார், இரண்டு நாள் கழித்து அவருடைய பேத்தியும் போய்விட்டது. கிளியூர்ப் பக்கமும் இருக்கிறது என்கிறார்கள். சுகாதார ஆபீஸ்காரர்கள் வந்து ஓடைத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திருவிழா இல்லை, சந்தை இல்லை. ஊசி போட்ட சீட்டு இல்லாமல் யாரையும் பஸ்ஸில் ஏற்றுவதில்லை. எங்கள் லைன் ஆட்களுக்குச் சீட்டு இருந்தாலும் ஏற்றுவதில்லை.

இது போதாதென்று மாரியம்மன் கோவிலில் காப்பும் கட்டிவிட்டார்கள். உனக்குத் தெரியும், காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருந்தவர்கள், அது விருந்தாளியாகவே இருந்தாலும், காப்பு அறுக்கும் வரைக்கும் வெளியூரில் தங்கக்கூடாது. பூசாரி என்னைப் பார்த்து, "உன்ற தங்கச்சி புள்ளையும் கணக்குல சேத்திதான் சாமி" என்றார். அவர் வாயில் தங்கச்சி பிள்ளை என்றே வந்தது, புண்ணியவான்.

மல்லிகாவுக்கு நர்ஸ் சாந்தாமேரி ஊசி போட்டுவிட்டார். அழுதாள். பிறகு அந்த வீக்கத்தை லைன் முழுவதும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். சாமி சத்தியமாக, அவளை என் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. இங்கே வராதே. வந்தாலும் விடமாட்டார்கள்.

அக்காள்,
கிருஷ்ணம்மாள்.


ஈரோடு,
14-5-1979

அக்காவுக்கு,

எல்லாரும் உயிரோடு சுகமாக இருக்கிறீர்களா? இதைத் தவிர வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சேலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தோம். மேலே போக விடவில்லை. அத்தை, "கெட்ட சகுனம், திரும்பு" என்று சொல்லிவிட்டார். இவர் மறுநாள் தனியாக அடிவாரம் வரைக்கும் போய், யார் யாரையோ கெஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் சாப்பிடவில்லை.

அக்கா, அவளுக்கு வயிறு சரியில்லை என்றால் ஒரே ஒரு தடவை போனால்கூட நர்ஸம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மண்ணில் விளையாட விடாதீர்கள். பலாப்பழம் கொடுக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அவள் ஏமாற்றுவாள், நனைத்துவிட்டுக் கழுவினேன் என்பாள். கைகளை மோந்து பாருங்கள்.

நான் வரமுடியாத நிலைமையில் இருக்கிறேன். டாக்டர் நடக்கவேண்டாம் என்றிருக்கிறார். பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் அதை நினைத்துக் கவலைப்படவேண்டாம்.

எப்போது வழி விடுவார்கள்?

காவேரி.


வெள்ளக்கடை,
29-5-1979

காவேரிக்கு,

பிள்ளை சுகம். நாங்களும் சுகம். கையை மோந்து பார்த்தேன், நீ சொன்னது சரிதான், திருடி.

புதிதாக யாருக்கும் காணவில்லை. ஆனாலும் இன்னும் லைனை அடைத்தே வைத்திருக்கிறார்கள். வேலை கிடையாது. எஸ்டேட்டில் வாரத்துக்கு ஒரு தடவை அரிசி அளக்கிறார்கள், அதில் காலம் போகிறது. உன் மாமாவுக்குப் பொழுது போகவில்லை, இருக்கிற ஓட்டையெல்லாம் அடைக்கிறார், இல்லாத ஓட்டையையும் அடைக்கிறார்.

எனக்கு அசதி காவேரி. கலியாணமான நாளிலிருந்து சங்கு ஊதினால் எழுந்து ஓடியவள் நான். நாலு பிள்ளை பெற்றும் ஒரு பிள்ளைக்கும் பகல் வெளிச்சத்தில் தலை சீவிவிட்டதில்லை. இருட்டில் எழுந்து சோறாக்கிவிட்டுப் போவேன், இருட்டில் வருவேன். இத்தனை வருஷத்து அசதியும் இப்போதுதான் உட்கார இடம் கிடைத்ததுபோல உடம்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்து அடுப்பு மூட்டவே ஆயாசமாக இருக்கிறது.

ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெயில் ஏறினதும் வாசலில் உட்கார்ந்து மல்லிகாவுக்குப் பேன் பார்க்கிறேன். ஒரு பக்கம் சடை பின்னி முடிக்கும் முன்னால் எழுந்து ஓடிவிடுவாள், பாதி தலையோடு லைன் சுற்றிவிட்டு வருவாள். மத்தியானம் கொதித்த தண்ணீரை ஆற்றி டம்ளரில் ஊற்றி, "பெரியப்பா, மருந்துத் தண்ணிங்க" என்று உன் மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்த மனுஷன் கள்ளுக்குக்கூட அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை, எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறார். சாயங்காலம் கேழ்வரகுக் களியை உருட்டிக் கொடுத்தால் உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதித் தின்கிறாள். இது எல்லாம் ஒன்றும் இல்லாத விஷயம். உனக்குத் தினமும் கிடைக்கிறது. எனக்கு இதுதான் முதல் தடவை.

மேல் லைனில் வெள்ளையம்மாள் தன் மகளைப் புதைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறாள், நான் இங்கே உட்கார்ந்து மாரியாத்தாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாவம் வருமோ என்னவோ. நேற்று அவளைப் பார்க்கப் போனேன், மல்லிகாவை உடன் கூட்டிப் போகவில்லை.

உடம்புக்கு என்ன என்று விவரமாக எழுது.

கிருஷ்ணம்மாள்.


வெள்ளக்கடை,
18-6-1979

தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரர் இப்போது லைன் வரைக்கும் வருகிறார், வெறும் கையோடு திரும்பிப் போகிறார். தினமும் அவரைக் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போகிறார்.

வழி திறந்துவிட்டார்கள். இதை எழுத வேண்டிய நாளில் எழுதாமல் சில நாள் தள்ளி எழுதுகிறேன், அதற்கு என்னைத் திட்டிக்கொள். போன வாரத்திலிருந்து பஸ் ஓடுகிறது. எங்களையும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காப்பு அறுக்கிறார்கள். பிறகு யாரும் எங்கும் போகலாம், தடையில்லை.

பள்ளிக்கூடம் திறந்திருக்குமே, மாப்பிள்ளை வந்து கூட்டிப் போகமாட்டாரா? நான் வேலைக்குப் போகும்போது மல்லிகாவைச் சின்னவனிடம் விட்டுவிட்டுப் போகிறேன். களை வெட்டுகிற இடம் தூரமாக இருந்தால் மத்தியானம் வர முடிவதில்லை. வருகிற வரைக்கும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "அம்மாகிட்டருந்து தபால் வந்துச்சுங்களா?" என்பாள். நான் "நாளைக்கு வரும் கண்ணு" என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அந்த வார்த்தை புளித்துவிட்டது.

இரண்டு வரி எழுது. உடம்பு முடியாவிட்டால் மாப்பிள்ளையை எழுதச் சொல்.

கிருஷ்ணம்மாள்.


ஈரோடு,
9-7-1979

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லாரும் நலமென்று நம்புகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கவும். படுத்தே இருப்பதால் எழுத வசதிப்படவில்லை.

பள்ளிக்கூடத்தில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்கிறார்கள். அதனால் மல்லிகா இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும். இவருக்குப் பட்டறையில் இரட்டை ஷிப்ட், வர முடியவில்லை. அவளுக்குத் துணிமணி பற்றாது என்று அத்தை ஒரு மூட்டை கட்டிச் சேலம் வழியாக வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒண்டிக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மல்லிகா மெலிந்துவிட்டாளா? அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே. மழையில் நனைய விடாதீர்கள். என்னைத் தேடுகிறாளா என்று கேட்கமாட்டேன்.

காவேரி.


வெள்ளக்கடை,
16-7-1979

காவேரிக்கு,

மூட்டை வந்தது. பத்து நாளைக்கு வந்த பிள்ளைக்குத் துணி அனுப்புகிறார்கள் என்றுதான் அவிழ்த்தேன்.

தீபாவளிப் பாவாடை. போன வருஷத்துப் பாவாடை, அவளுக்கு இப்போது பற்றாதது. ஸ்வெட்டர். சிலேட்டு. பொட்டுச் சிமிழ். கைப்பிள்ளையாக இருந்தபோது போட்ட வெள்ளி அரைஞாண். பால் குடிக்கிற சின்ன டம்ளர். உங்கள் வீட்டில் அவள் பொருள் என்று இனி ஒன்று பாக்கி இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. மல்லிகா ஒவ்வொன்றாக எடுத்து, "இது என்னுது, இதும் என்னுது" என்று சந்தோஷமாக அடுக்கினாள்.

நான் படிக்காதவள் இல்லை, கான்வென்ட்டில் அஞ்சாவது வரைக்கும் உட்கார்ந்தவள். நாலு பிரசவம் பார்த்த உடம்பு வேறு. தலைசுற்றல், சாப்பிட்டது தங்காதது, டாக்டர் நடக்கவேண்டாம் என்றது, மாமியார் தனிக் கஞ்சி வைப்பது. உனக்கு இரண்டு தடவை கலைந்துபோன கதை எனக்குத் தெரியும். இந்தத் தடவை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறாய், கண்ணு படும் என்று. சரி. அக்காளுக்குக்கூடச் சொல்லவில்லை, அதுவும் சரி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் வயிறு நிறைந்தது தெரிந்து நான் அழுதேன், அது சந்தோஷத்தில் அழுதது.

ஆனால் இந்த மூட்டைக்கு என்ன அர்த்தம்? வாயைத் திறந்து சொல்லு. பிள்ளை உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?

கிருஷ்ணம்மாள்.


ஈரோடு,
6-8-1979

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நினைத்தது சரி. அஞ்சாம் மாசம். அசையக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது, பஸ் ஏறவே கூடாது.

மூட்டை அத்தை கட்டியது. "சொந்த ரத்தம் வரப்போகுது. ஒரு படி தவுட்டக் குடுத்து வாங்குன புள்ளதானே, பெத்தவகிட்டயே இருந்துட்டுப் போவட்டும், தவுட்டையா திருப்பிக் கேக்கப் போறோம்" என்றார். அன்றைக்கு ஒரு முறத்தில் தவிடு வைத்து உங்கள் கையில் கொடுத்து மல்லிகாவை வாங்கிக்கொண்டோமே, கொடுக்கல் வாங்கல் மாதிரி செய்துவிட்டால்தான் பிள்ளைக்குத் தோஷம் ஒட்டாது என்று பெரியவர்கள் சொன்னதால் செய்தது. அதை இப்படிச் சொல்கிறார். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். நானும் ஒன்றும் பேசவில்லை. பேசினால், சண்டை வந்தால், வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். மூட்டை கட்டும்போது பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தச் சின்ன டம்ளரை வைக்கும்போதாவது எழுந்து பிடுங்கியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கு இல்லாதபோது நீங்கள் கொடுத்தீர்கள். இப்போது எனக்கு வருகிறது. அப்படியானால் உங்களுடையதை உங்களுக்குத் திருப்பிக் கொடுப்பதுதானே நியாயம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. நீங்கள் அவளுக்குப் பேன் பார்ப்பதைப் பற்றி எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு ஆசை இருக்கும் அக்கா. வைத்துக்கொள்ளுங்கள். நான் குறை சொல்லமாட்டேன்.

அவளுடைய பாயை இன்னும் என் பக்கத்தில்தான் விரிக்கிறேன்.

காவேரி.


வெள்ளக்கடை,
13-8-1979

காவேரி,

நீயும் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்கவேண்டும். இதை மனசாரச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

எனக்கு ஆசை இருக்கிறது. இல்லை என்றால் நாக்கு அழுகிவிடும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். களை வெட்டிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுவரைக்கும் யோசித்து முடித்துவிட்டேன். இடுப்புவலிகூட அன்றைக்குத் தெரியவில்லை. உன் மாமாவிடம் சொன்னேன். "உன்ற இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் கூடைக்கு வார் கட்ட உட்கார்ந்துவிட்டார், அவருக்கும் ஆசைதான்.

சாயங்காலம் அவளுக்குத் தலை சீவிக்கொண்டே கேட்டேன். "கண்ணு, நீ இங்கயே இருந்துக்கிறியா? பெரியம்மாவை அம்மான்னு கூப்புடறியா?"

"கூப்புடறேன் பெரியம்மா" என்றாள். அடம் பிடிக்கவில்லை, அழவில்லை. நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறாய். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா எப்பங்க வரும்?" என்றாள்.

அவ்வளவுதான் காவேரி. மறுபடி நான் கேட்கவில்லை.

அவளுக்கு அம்மா ஒருத்திதான். அது நீ. நான் வயிற்றில் சுமந்தது எனக்கும் உனக்கும் தெரியும், அவள் உடம்புக்குத் தெரியாது. நாலு மாதமாக உன் பழைய சேலையை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள். அது கிழிந்து நைந்து போய்விட்டது, என் சேலையைக் கொடுத்தேன், மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வயிற்றில் ஒன்று வந்ததென்று இடுப்பில் இருப்பதை இறக்கிக் கீழே போடுவாளா ஒருத்தி? அசையாமல் படுத்திரு என்று டாக்டர் சொன்னால் படுத்திரு. வாயையும் அசைக்காமல் படுத்திரு என்றா சொன்னார்?

நியாயம் பேசுகிறாய். நான் உனக்குக் கடன் கொடுக்கவில்லை, திருப்பி வாங்கிக்கொள்ள. உன் அத்தை தவிட்டைப் பற்றிப் பேசினால் பேசிக்கொள்ளட்டும். நான் பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுக்கவில்லை, என் தங்கச்சிக்குக் கொடுத்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். மூட்டையையும் கொண்டுவருகிறேன். உன் அத்தையிடம் முன்கூட்டிச் சொல்லாதே. நீ எழுந்து வாசலுக்கு வரவேண்டாம், படுத்த இடத்திலேயே இரு. அவள் வந்து உன்னிடம் சேர்ந்துகொள்வாள்.

கிருஷ்ணம்மாள்.


ஈரோடு,
26-8-1979

என் அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டீர்கள். நான் கூப்பிட்டது உங்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மல்லிகா என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள், என்னால் சத்தமாகக் கூப்பிட முடியவில்லை.

நீங்கள் போன பிறகு அத்தை அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். நான் கட்டிலில் படுத்தபடியே, "இவ இல்லாம எனக்கு இந்த ஊட்டுல ஒரு புள்ளையும் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் ஆகவில்லை அக்கா, வயிற்றில் இருப்பது பாட்டுக்கு உதைத்துக்கொண்டுதான் இருந்தது. இவர் அத்தைக்கு எதிரில் முதல் தடவையாக வாயைத் திறந்து, "அவ சொல்றதுதான் சரிங்கம்மா" என்றார்.

அத்தை அன்றைக்கு வெளித்திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் மல்லிகாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மலைக்காத்துல தலை வறண்டு கெடக்குது, உங்க பெரியம்மா எண்ணெயே வெக்கலையா" என்று திட்டிக்கொண்டே எண்ணெய் தேய்த்தார். அந்த அளவுக்கு வந்திருக்கிறது. மனசு மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

மல்லிகா இரண்டு நாள் என்னை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், யாரும் சொல்லாமலே, தண்ணீரை ஆற்றி டம்ளரில் எடுத்துக்கொண்டுபோய் அத்தையிடம் நீட்டி, "மருந்துத் தண்ணிங்க பாட்டி" என்றாள். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, வாங்கிக் குடித்தார்.

தை மாசம் இங்கேயே காது குத்தலாம் என்று இவர் சொல்கிறார். நீங்கள் வரவேண்டும். வாசலோடு திரும்பக்கூடாது.

உங்கள்,
காவேரி.


வெள்ளக்கடை,
4-9-1979

காவேரிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தேன். நீ கூப்பிட்டது கேட்டது. திரும்பியிருந்தால் நான் அன்றைக்கு ஊர் வந்து சேர்ந்திருக்கமாட்டேன், அதனால்தான் திரும்பவில்லை.

சேலத்தில் பஸ் மாறும்போது உட்கார இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கிவிட்டேன். அவ்வளவு அசதி. கண்டக்டர் எழுப்பி ஒண்டிக்கடையில் இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து சோறாக்கினேன், பயல்கள் சாப்பிட்டார்கள். உன் மாமா சாப்பிட உட்கார்ந்துவிட்டு, தண்ணீர் யார் கொடுப்பார்கள் என்பதுபோல் வாசலைப் பார்த்தார். நான் எழுந்து கொடுத்தேன்.

நீ உன் அத்தையிடம் பேசியதைப் படித்து உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். "பரவால்லியே" என்றார். அத்தையை எதிர்த்துக்கொள்ளாதே. எண்ணெய் தேய்க்கிறார் என்றால் போதும், கை பழகினால் மனசு பின்னாலேயே வரும். பிரசவத்துக்கு நாலு நாள் முன்னால் எழுது, முடிந்தால் வருகிறேன். தை மாசத்துக்கு இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது, அப்போது காப்பிப் பழம் பறிக்கிற சமயம். ஆனாலும் பார்க்கிறேன்.

இந்த நாலு மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். என் வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. தலை சீவிவிட்டேன், திட்டினேன், சோறு போட்டேன், என் பக்கத்தில் படுத்துத் தூங்கியது. வாந்திபேதி வராமல் இருந்திருந்தால் பத்து நாளில் விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே போயிருப்பாள். இது போதும் என்று உனக்கு எழுதவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். போதாது காவேரி. பொய் எழுத மாட்டேன். ஆனால் கிடைத்தது. நான் கேட்காமலே கிடைத்தது.

நேற்று மேல் தோட்டத்தில் களை வெட்டு. ரைட்டர் சூசைமாணிக்கம் பெயர் கூப்பிட்டுவிட்டு, நல்ல மனுஷன், சும்மா விசாரிப்பதாக நினைத்து, "ஏம்மா கிருஷ்ணம்மா, வாசப்படியில ஒக்காந்திருக்குமே உன்ற மக, ரெண்டு வாரமாக் காணோமே?" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வெள்ளையம்மாளும் பார்த்தாள்.

"அது என்ற தங்கச்சி மகளுங்க. அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிருச்சு" என்றேன்.

சொல்லிவிட்டு என் வரிசைக்குப் போய்க் குனிந்து வெட்ட ஆரம்பித்தேன்.

கிருஷ்ணம்மாள்.